சிடி இல்லாமல் ஏறிய பதின்மூன்று படங்கள்

என் மதினிக்கு,

நலம், நலமறிய ஆவல் என்றெல்லாம் எழுத எனக்கு மனசில்லை. நீங்கள் போய் வருஷம் ஒன்று ஆகிவிட்டது, இனி நலத்தை எங்கே போய் விசாரிப்பது? சண்டை போடத்தான் எழுதுகிறேன். நாத்தனார் என்றால் சண்டை பிடிப்பாள் என்று எதிர்பார்த்துத் திருவரங்குளம் ஊரே ஏமாந்துபோனதே, அந்தக் குறையை இன்றைக்குத் தீர்த்துவிடுகிறேன். நாலு பேர் படித்தாலும் படிக்கட்டும்.

உங்கள் கேமராவைத் தொட்டுவிட்டேன். எதைச் செய்யக்கூடாது என்று பத்து வருஷமாகச் சொன்னீர்களோ அதையேதான் செய்தேன். சிடி போடாமல் அதைக் கம்ப்யூட்டரில் மாட்டினேன். ஒன்றும் வெடிக்கவில்லை மதினி.

ஏன் மாட்டினேன் என்று கேளுங்கள். பதினாறாம் நாள் பிளெக்ஸுக்கு அவசரத்தில் உங்கள் ஆதார் படத்தைக் கொடுத்தோம். அழுகையில் யாரும் அதைச் சரியாகப் பார்க்கவில்லை. வருஷத் திதி வருகிறதே என்று அண்ணன் போன மாதம் அதே படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டுக் கொண்டுவந்தார். கயல் ஒரு பார்வை பார்த்தாள். அப்படியே சட்டத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டாள்.

"இது எங்கம்மா இல்ல அயித்தே. யாரோ மாரி இருக்கு."

பிறகு என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னாள். "எனக்கு அம்மா மொகம் கொஞ்சங் கொஞ்சமா மறந்துக்கிட்டு வருது."

பதினாலு வயசுப் பிள்ளை இப்படிச் சொன்னால் நான் என்ன செய்வது? உள்ளே போய் இருக்கிற ஆல்பத்தையெல்லாம் இழுத்துப் போட்டேன். காதுகுத்து, பால் காய்ச்சியது, குடுமியான்மலைக்குப் போய்வந்தது, என் வளைகாப்பு. எல்லாம் பழைய ஃபிலிம் காலத்தில் நீங்கள் எடுத்தவை, அதனால் எதிலும் நீங்கள் இல்லை. என் கல்யாண ஆல்பத்தில் ஒரே ஒரு படத்தில் அகப்பட்டீர்கள். அதிலும் குத்துவிளக்கு உங்கள் முகத்தை மறைத்துக்கொண்டு நிற்கிறது. செல்போன் வந்த பிறகும் "கொண்டா, நான் எடுக்கிறேன்" என்று பிடுங்கிக்கொண்டது நீங்கள்தான். அண்ணன் போனில் இருப்பவை ஆஸ்பத்திரியில் எடுத்தவை. அவற்றை நாங்கள் யாரும் திறப்பதில்லை.

பாக்கி இருந்தது சாமி அலமாரியில் கிடந்த அந்தக் கேமராதான். அதை எடுத்ததும் அண்ணன் கத்தினார்.

"அவ எடுத்த கேமராவுல அவளே எப்படி இருப்பா? கூறு இருக்கா ஒனக்கு?"

"இருக்கா இல்லையான்னு பாத்துட்டுச் சொல்றேண்ணே" என்றேன்.

பின்பக்கத்துத் திரை என்றைக்கோ கறுத்துப்போய்விட்டதால் கேமராவில் வைத்துப் பார்க்க வழியில்லை. கம்ப்யூட்டரில்தான் ஏற்ற வேண்டும். டவுனில் ஒரு ஸ்டுடியோவில் கேட்டேன். "இது பழைய மாடலுங்க. கூட வந்த சிடிய மொதல்ல போடணும். சிடி இல்லாட்டி ஏறாது" என்று நீங்கள் சொன்னதையே சொன்னார். பொன்னமராவதியில் உங்கள் தம்பி வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு தடவை அந்தச் சிடியைப் போட்டுச் சில படங்களை எடுத்தீர்கள் அல்லவா? அந்தக் கம்ப்யூட்டர் கெட்டுப்போனதும் சிடியும் காணாமல் போனது. வீடு முழுக்கத் தேடினீர்கள், பாவம். "சிடி கிடைக்கட்டும், அப்புறம் பாத்துக்கலாம்" என்பதே உங்கள் பல்லவி ஆனது.

அது எங்கே இருந்தது தெரியுமா? கயல்தான் காட்டினாள். கொல்லையில் கொய்யா மரத்தில், கிளி விரட்டுவதற்காக அண்ணன் கயிற்றில் கட்டித் தொங்கவிட்ட நாலைந்து சிடிகளில் அதுவும் ஒன்று! வெயிலில் எழுத்தெல்லாம் வெளுத்து, கேமராவின் பெயர் மட்டும் மங்கலாகத் தெரிந்தது. கிளியும் அதற்குப் பயந்ததாகத் தெரியவில்லை. உங்கள் புருஷனை என்ன செய்யலாம் என்று நீங்களே சொல்லுங்கள்.

அது கிடைத்தும் புண்ணியமில்லை. என் தையல் கடையில் இருக்கிற சின்ன லேப்டாப்பில் சிடி போடும் வாயே கிடையாது. மிஷினில் கால் வைத்தபடியே யோசித்தேன். முன்பெல்லாம் போன் கடையில் மெமரி கார்டைக் கொடுத்தால் நூறு பாட்டு ஏற்றிக் கொடுப்பார்களே, அவர்கள் எந்தச் சிடியைப் போட்டார்கள்? கார்டைக் கழற்றி ஒரு சின்ன ரீடரில் சொருகினார்கள், அவ்வளவுதான். பாட்டு உள்ளே போகிற வழியில் படம் வெளியே வராதா?

அந்த ரீடரை வாங்கிவந்து கார்டைச் சொருகினேன். பென் டிரைவ் மாதிரியே திறந்துகொண்டது. உள்ளே ஒரு ஃபோல்டர், அதற்குள் இன்னொன்று, அதற்குள் அறுநூற்றுச் சொச்சம் படங்கள். எல்லாவற்றையும் பிடித்து லேப்டாப்பில் ஒட்டினேன். இவ்வளவுதான் மதினி. இதற்கா பத்து வருஷம் காத்திருந்தீர்கள்?

கயலும் நானும் ஒவ்வொன்றாகப் பார்த்தோம். நான் சிரிக்கிறேன், நான் சாப்பிடுகிறேன், நான் கொட்டாவி விடுகிறேன், அண்ணன் மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிறார், கயல் பல் விழுந்த வாயைக் காட்டுகிறாள். கடைசிப் படம் வரைக்கும் நீங்கள் இல்லை. அண்ணன் சொன்னது சரியாகிவிட்டதே என்று ஆத்திரம் வந்தது. அதைவிட வெட்கமாக இருந்தது. எழுபது படத்திலாவது நான் இருக்கிறேன். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, "குடுங்க மதினி, நீங்க நில்லுங்க" என்று நான் கேட்டிருக்கிறேனா?

அப்போதுதான் அது கண்ணில் பட்டது. ரசீதுப் புத்தகத்தில் நம்பர் பார்த்தே பழகிய கண் இல்லையா? கார்டில் இருந்த முதல் படத்தின் நம்பர் பதினான்கு. ஒன்றிலிருந்து பதின்மூன்று வரை எங்கே?

"அழிச்சிருப்பா" என்றார் அண்ணன்.

"மதினி எதைண்ணே அழிச்சிருக்காக? மளிகைச் சீட்டைக்கூடத் தூக்கிப் போடாத மனுசி."

கேமரா வாங்கிய புதிதில் கார்டு கிடையாது, ஒரு வாரம் கழித்துத்தான் வாங்கினீர்கள். அது ஞாபகம் வந்ததும் எனக்குப் பொறி தட்டியது. கார்டு இல்லாமல் எடுத்த படம் கேமராவுக்குள்ளேயேதானே இருக்க வேண்டும்? பையைத் துழாவி ஒயரை எடுத்தேன். சொருகினால் நுழையவே இல்லை. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் ஒயர் போகிற ஓட்டை முழுக்கச் சந்தனம்! வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு அரிவாள்மணை, தையல் மிஷின் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்த கையோடு கேமராவுக்கும் வைத்தது நான்தான். அந்த ஓரத்து மூடி உடைந்து விழுந்ததை யார் கவனித்தார்கள்? பக்தியாக அடைத்து வைத்திருக்கிறேன். இதற்கு மட்டும் நீங்கள் என்னைத் திட்டலாம்.

ஊசியால் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டினேன், ஒரு மதியம் முழுக்க. கயல் ஊதி ஊதித் தூசியைத் தட்டினாள். புது பேட்டரி இரண்டு போட்டு, ஒயரைச் சொருகி, கேமராவை ஆன் பண்ணினால் பச்சை விளக்கு எரிந்தது. ஆனால் திரும்பவும் அதே அறுநூறுதான் வந்து நின்றது.

"விடுங்க அயித்தே" என்றாள் கயல். ஒயரைச் சுருட்டப் போனாள்.

விடுகிற ஆளா நான்? கார்டு உள்ளே இருப்பதால் அதையே காட்டுகிறதோ என்று தோன்றியது. அணைத்து, கார்டை உருவி எடுத்துவிட்டு, வெறும் கேமராவை மாட்டினேன். புதிதாக ஒரு ஃபோல்டர் வந்தது. எண்ணிப் பார்த்தேன், பதின்மூன்று.

கடைசி நாலும் வெறும் மங்கல். எட்டு வரைக்கும் சுவர், தரை, செருப்பு, ஒரு கோழியின் பின்பக்கம். நாலு வயசில் கயல் யாருக்கும் தெரியாமல் கேமராவைத் தூக்கிக்கொண்டு திரிந்திருக்கிறாள். ஒன்பதாவது படத்தில் வந்துவிட்டீர்கள் மதினி. தரையிலிருந்து எடுத்தது. இட்லி மாவு வழிகிற கையை நீட்டிக் கேமராவைப் பிடுங்க ஓடி வருகிறீர்கள். கொண்டை பாதி அவிழ்ந்திருக்கிறது. ஸ்டிக்கர் பொட்டு புருவத்துக்கு நகர்ந்திருக்கிறது. வாய் முழுசாகத் திறந்து கத்துகிறீர்கள்.

"கீழ போட்றாதடீன்னு கத்துது" என்றாள் கயல். சிரித்தாள், அப்புறம் என் மடியில் விழுந்து அழுதாள். "இதுதான் அயித்தே. இதுதான் எங்கம்மா."

அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினேன். லேப்டாப் பக்கத்தில் குனிந்து பார்த்தார். பிறகு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இதையா மாட்டப்போற? திதிக்கு வர்றவுக சிரிப்பாக" என்றார்.

"சிரிக்கட்டும்ணே. மதினி இருந்தப்ப சிரிச்ச வீடுதான் இது."

ஸ்டுடியோக்காரர் நல்ல மனுஷர்தான். படத்தைப் பார்த்துவிட்டு, "வாயை மூடி, பட்டுச்சேலை போட்டு, பொட்டையும் நேராக்கித் தந்துர்றேங்க. சாமி படம் மாதிரி வேணும்னுதான் எல்லாரும் கேப்பாக" என்றார்.

"எங்க மதினி சாமி ஆகலைங்க. ஒண்ணையும் தொடாதீங்க. மாவு கையிலேயே இருக்கட்டும், வாயும் தெறந்தே இருக்கட்டும். பெருசாக்க மட்டும் செய்யுங்க."

இப்போது கூடத்துச் சுவரில் கத்திக்கொண்டு நிற்கிறீர்கள். ஆதார் படத்தின் சட்டத்திலேயேதான் போட்டிருக்கிறேன். திதிக்கு வந்த சொந்தக்காரர்கள் முகம் சுளித்தார்கள். உங்கள் பெரிய மாமா, "மாலை போட்டா நல்லாவா இருக்கும்?" என்று கேட்டார். நன்றாகத்தான் இருக்கிறது, நானே போட்டேன்.

ஒரு விஷயம் மட்டும் உங்களிடம் சொல்லியாக வேண்டும். கயல் அந்தக் கேமராவை எடுத்துக்கொண்டாள். திரை தெரியாமலே குத்துமதிப்பாக எடுத்து, ரீடரில் போட்டு அவளே லேப்டாப்பில் ஏற்றுகிறாள். போன வாரம் ஒரு காதுகுத்தில் நூறு படம் எடுத்தாள். "நீ வந்து நில்லுடி" என்றால், "நான் எதுக்கு அயித்தே, நான்தானே எடுக்குறேன்" என்கிறாள். அப்படியே உங்கள் பேச்சு.

அன்றைக்கே கேமராவைப் பிடுங்கினேன். திமிறினாள், கத்தினாள். கூட்டத்துக்கு நடுவில் இழுத்து நிறுத்தி எடுத்தேன். கேளுங்கள் மதினி, இனி எந்த விசேஷத்திலும் முதல் படம் அவளுடையதுதான். அவள் கல்யாணமாகிப் போகிற வீட்டிலும் விட மாட்டேன், பஸ் ஏறிப் போய் எடுப்பேன். உங்களை விட்டுவிட்டது போல் அவளை விட மாட்டேன்.

உங்கள் பேச்சைக் கேட்காத,
இனியும் கேட்கப்போகாத நாத்தனார்,
ராணி