முகம் பார்த்து விற்றவனுக்கு

மாப்ளே,

இன்று காலை கடை திறந்ததும் இரண்டு பையன்கள் சைக்கிளுக்குக் காற்றடிக்க வந்தார்கள். பள்ளிக்கூடச் சீருடை, தோளில் பை. ஒருவன் குனிந்து டியூப் மூடியைக் கழற்றும்போது அவன் வாயிலிருந்து பிராந்தி வாடை வந்தது. பாக்கு மென்று மறைக்கப் பார்த்திருந்தான், மறையவில்லை. "எங்கன வாங்குனலே?" என்று கேட்டேன். பாதிக் காற்றோடு சைக்கிளை உருட்டிக்கொண்டு ஓடிவிட்டார்கள். உடனே உன் ஞாபகம் வந்தது. கோபம் அதற்கும் முன்னால் வந்துவிட்டது.

நாம் இருவரும் ஒரே வகுப்பில் வரலாறு படித்தோம். பட்டம் வாங்கியதும் நான் அத்தாவின் சைக்கிள் கடையில் உட்கார்ந்துவிட்டேன். உனக்கு உட்கார ஒரு கடை இல்லை. உன் அப்பாவும் அம்மாவும் ஏழாயிரம்பண்ணைப் பக்கம் பட்டாசுக் கம்பெனிக்கு வேனில் போய் வந்து உன்னைப் படிக்கவைத்தார்கள். பட்டம் வாங்கிய பிறகும் சீசன் வந்தால் நீயும் அதே வேனில் ஏறினாய். அரசாங்கமே பிராந்திக் கடை நடத்தத் தொடங்கிய புதிதில் உனக்கு அங்கே விற்பனையாளர் வேலை கிடைத்தது. அன்று அல்வாப் பொட்டலத்தோடு கடைக்கு வந்தாய். "கவர்மெண்டு வேலைன்னதும் அம்மாவுக்குச் சந்தோசம் பாய். என்ன வேலைன்னு யாராச்சும் கேட்டா மட்டும் வாயத் தொறக்க மாட்டேங்குது" என்று சிரித்தாய்.

பள்ளிவாசலில் பெரியவர் ஒருவர் என்னைப் பிடித்துக்கொண்டார். "பிராந்திக் கடைக்காரன்கூட உனக்கு என்ன சேர்க்கை?" "அவன் வயித்துப்பாட்டுக்கு நிக்கான். விக்கச் சொன்னவுகளக் கேளுங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன். உன்னை நன்றாகக் காப்பாற்றிவிட்டதாக நினைத்து உன்னிடம் சொன்னேன். உனக்கு அது பிடிக்கவில்லை. "விக்கச் சொன்னவுக ஊர்ல இல்ல பாய். பாட்டில எடுத்துக் குடுக்கது என் கைதான" என்றாய்.

சிவகாசி ரோட்டில் இருந்த அந்தக் கடையை நினைத்துப் பார்க்கிறேன். கம்பி வலை, அதில் ஒரு கை நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை. பணம் பிடித்த கை உள்ளே வரும், பாட்டில் பிடித்துக்கொண்டு வெளியே போகும். இருபத்தொரு வயது ஆகாதவர்களுக்கு விற்பதில்லை என்று பலகை தொங்கியது. அதை மதித்தவன் அந்தக் கடையில் நீ ஒருவன்தான். மெலிந்த கையாகத் தெரிந்தால் குனிந்து பார்ப்பாய். "மூஞ்சியக் காட்டுலே" என்பாய். மீசை முளைக்காத முகம் என்றால் பணத்தைத் திருப்பி அந்தக் கையிலேயே வைத்து மூடிவிடுவாய். வரிசையில் நிற்பவர்கள் கத்துவார்கள். "கையை மட்டும் பாத்து விக்க நான் என்ன மெசினா பாய்?" என்று என்னிடம் கேட்டாய்.

கடையை ஒட்டி ஒரு பார் இருந்தது. அதைக் குத்தகைக்கு எடுத்திருந்தவனுக்கு உன்னைக் கண்டாலே ஆகாது. நீ திருப்பி அனுப்பிய பையன்களை அவன் ஆட்கள் வெளியிலேயே மறித்து உள்ளே கூட்டிப்போனார்கள். உன் கடைச் சரக்கே பின்கதவு வழியாக பாருக்குப் போய், கூடுதல் விலைக்கு அந்தப் பிள்ளைகளின் கைக்கு வந்தது. பின்கதவைத் திறந்துவிட்டது உன் சூப்பர்வைசர். நீ அவரிடம் சண்டை போட்டாய். "ஒன் கவுண்டர்ல நீ விக்காத. பார்ல நடக்கிறது நம்ம பொறுப்பு இல்ல" என்றார் அவர்.

தீபாவளி போனஸ் கொடுத்த நாளில் அது நடந்தது. மதியத்திலிருந்தே கம்பெனி வேன்கள் ரோட்டோரம் நின்று ஆட்களை இறக்கிவிட்டுக்கொண்டிருந்தன. ஆமத்தூர்ப் பையன் ஒருவன், பதினோராம் வகுப்பு, லீவு நாட்களில் பட்டாசு வேலைக்குப் போகிறவன், உன் கவுண்டரில் கை நீட்டினான். நீ முகத்தைப் பார்த்தாய். பணத்தைத் திருப்பிக் கொடுத்து, "வீட்டுக்குப் போ" என்றாய். அவன் போய்விட்டான் என்றுதான் நீ நினைத்தாய். பார்க்காரன் ஆள் அவனையும் கூட வந்த கூட்டாளியையும் கையைப் பிடித்து உள்ளே உட்காரவைத்தது கூட்டத்தில் உனக்குத் தெரியவில்லை. பொழுது சாய்வதற்குள் இருவரும் வண்டியில் கிளம்பி, ரோட்டோரம் பட்டாசு லோடோடு நின்ற லாரியின் பின்னால் மோதினார்கள். கூட்டாளிக்குக் கால் போனது. அந்தப் பையன் அங்கேயே இறந்துபோனான்.

ஊர் திரண்டு வந்தது. அவர்களுடைய கோபத்தில் தப்பு இல்லை, ஆனால் அது உன்மேல் விழுந்தது. கம்பி வலைக்குப் பின்னால் நின்ற முகம் உன்னுடையதுதானே. உன்னை வெளியே இழுத்துப்போட்டு அடித்தார்கள். நான் கடையைப் போட்டுவிட்டு ஓடிவந்தபோது உன் சட்டை கிழிந்து, உதடு வீங்கியிருந்தது. எதிர்ப்பக்க டீக்கடையில் பார்க்காரன் டீ குடித்துக்கொண்டிருந்தான். நான் பார்த்தேன் மாப்ளே. டம்ளரை வைத்துவிட்டு எழுந்திரிக்கக்கூட இல்லை.

விசாரணைக்கு உன்னைக் கூப்பிட்டார்கள். வாசலிலேயே சூப்பர்வைசர் உன் தோளில் கை போட்டு, "பையன் வேற எங்கயோ வாங்கியிருக்கான்னு சொல்லிரு. நீதான் விக்கலேல்ல, ஒனக்கென்ன?" என்றார். நானும் பக்கத்தில் நின்றேன். நீ அவர் கையை எடுத்துவிட்டாய்.

"நான் விக்கல சார். ஆனா கடை வித்திருக்கு. அந்தக் கடைக்குள்ளதான் நானும் நின்னேன்."

உள்ளே போய், பின்கதவைப் பற்றியும் திறந்தவரைப் பற்றியும் சரக்கை வாங்கிய பார்க்காரனைப் பற்றியும் பெயரோடு சொன்னாய். அடுத்த வாரமே உன் வேலை போனது. பணியில் ஒழுங்கீனம் என்று காரணம் சொன்னார்கள். குழந்தைகளுக்கு விற்றவர்கள் ஒழுங்கானவர்கள், சொன்ன நீ ஒழுங்கீனம். இன்றைக்கும் அந்தச் சொல்லைக் கேட்டால் எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது.

அதன்பிறகு ஒருநாள் ஆமத்தூருக்குப் போகலாம் என்று என்னைக் கூட்டிப்போனாய். வேண்டாம் என்றேன், நீ கேட்கவில்லை. பையனின் அம்மா தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கும் வேலை முடிந்து அப்போதுதான் வந்திருந்தார். நீ யார் என்று நீயே சொன்னாய். அடிக்கத்தான் போகிறார் என்று நான் முன்னால் போய் நின்றேன். அவர் உன்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க வேண்டாம்னு சொன்னீகளாமே. அப்ப எம்புள்ள என்ன சொன்னான்?"

நீ என்னை விலக்கிவிட்டு முன்னால் வந்தாய். "'சரிண்ணே'ன்னான்மா. சொல்லிட்டுப் போயிட்டான்."

அந்த அம்மா தரையில் உட்கார்ந்துவிட்டார். "ஒத்த வார்த்தையில கேட்டிருக்கான் பாருங்க. அம்புட்டுப் பேரும் வேண்டாம்னு சொல்லியிருந்தா எம்புள்ள வீட்டுக்கு வந்திருப்பானே" என்று அழுதார்.

வழக்கு நம் கண் முன்னாலேயே செத்தது. பார் சில மாதம் மூடிக் கிடந்து, மச்சினன் பெயரில் திறந்தது. சூப்பர்வைசருக்கு வேறு கடை. நீ மல்லாங்கிணறில் ஒரு பருத்திக் கமிஷன் கடையில் கணக்கு எழுதப் போனாய். ஒருநாள் நெஞ்சு வலிக்கிறது என்று பெஞ்சில் சாய்ந்தவன் எழுந்திரிக்கவில்லை.

உன் சாவு வீட்டில் ஒருவன் என் காது படவே சொன்னான்: "பிராந்திக் கடையில வேலை பாத்தவன்தான. குடிச்சுக் குடிச்சு நெஞ்சு போயிருக்கும்." வாழ்நாளில் ஒரு சொட்டு நாக்கில் வைக்காதவனைப் பற்றி! அவன் சட்டையைப் பிடித்துவிட்டேன். நாலு பேர் சேர்ந்து விலக்கினார்கள். அப்போது ஆமத்தூர் அம்மா பெண்கள் கூட்டத்திலிருந்து எழுந்து வந்தார். உன் சாவுக்கு அவர் வந்திருப்பதே எனக்கு அதுவரை தெரியாது. "அன்னைக்கி எம்புள்ளைய வீட்டுக்குப் போன்னு சொன்னது இந்த ஒரு மனுசந்தான். அவரப் பத்தி யாரும் இங்கன பேசாதீக" என்றார்.

உன்னிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது பொறுமை இல்லை, அது உன்னிடமும் கிடையாது. இப்போது பிள்ளைகளுக்கு விற்பதைத் தடுக்கச் சொல்லி, திங்கட்கிழமை தோறும் கலெக்டர் ஆபீசில் மனுக் கொடுக்கும் இடத்தில் போய் நிற்கிறேன். அந்த அம்மாவும் அரை நாள் கூலியை விட்டுவிட்டு வந்து கூட நிற்கிறார். போன வாரம் அதிகாரி ஒருவர் எங்களை உட்காரச் சொல்லிவிட்டு, பிள்ளைகளைப் பெற்றவர்கள்தான் கண்டித்து வளர்க்க வேண்டும் என்று நிதானமாக விளக்கினார். அந்த அம்மாவை எதிரில் வைத்துக்கொண்டே சொன்னார்.

"வீட்ல நாங்க கண்டிக்கோம் சார். கடையில யாரு கண்டிக்கது?" என்று கேட்டேன்.

அவர் பேனாவை மூடினார். நாங்கள் எழுந்திரிக்கவில்லை.