கழற்ற வேண்டாத சக்கரம்

என் உயிரான அக்காவுக்கு,

நீ இருந்திருந்தால் இதை உன் காதுக்குள் சொல்லியிருப்பேன். எனக்குச் சத்தமாகப் பேச வராது என்று உனக்குத் தெரியும்தானே. நீ இல்லை, அதனால் எல்லாரும் கேட்கிற மாதிரி எழுதுகிறேன். கேட்கட்டும்.

முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். உன் மகள் நல்லா இருக்கிறாள். தனுவை வருகிற தை மாதம் முதலாம் ஆண்டில் சேர்க்கிறோம். புதுச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு நம் ஒற்றை அறைக் காம்பிராவுக்குள்ளேயே டக்டக்கென்று நடக்கிறாள். இப்போது என் மடியில் படுத்திருக்கிறாள். என் உதட்டுத் தையலைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டு இப்போதுதான் கண்ணை மூடினாள்.

போன கிழமை அவன் வந்தான், உன் புருஷன். மச்சான் என்று கூப்பிட்ட வாய்க்கு இப்போது அந்தச் சொல் வருவதில்லை. நீ படியில் வழுக்கி விழுந்தாய் என்று சொன்னவன். உன் கழுத்தில் கிடந்த விரல் தடத்தைப் படியா போட்டது அக்கா? லயத்துச் சனமே பார்த்தது. ஒருவரும் வாய் திறக்கவில்லை.

அப்பா தன் பஞ்சர் கடைக்கு டியூப் வாங்க ஹட்டனுக்குப் போயிருந்தார். அம்மா மலையில் தேயிலைக் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தாள். இரண்டும் தெரிந்துதான் வந்தான். கினிகத்தேனையில் வேறு ஒருத்தியைக் கட்டி, அவளுக்கும் பிள்ளை பிறந்திருக்கிறதாம்.

"அங்க தொட்டில் ஆட்ட ஆள் வேணும். இவ சும்மாதானே இருக்கா?" என்றான்.

ஐந்து வயசுப் பிள்ளை. தொட்டில் ஆட்டவாம். நான் வாசலை மறித்து நின்றேன். நீ செத்துப்போன வருசம் நான் பள்ளிக்கூடத்தை விட்டதே இவளைத் தூக்கி வளர்க்கத்தான். அதைச் சொல்ல நினைத்தேன். தொண்டையில் காற்றுத்தான் வந்தது.

"படிப்பை விட்ட கழுதை, எனக்குச் சட்டம் சொல்றியா?" என்று வயிற்றில் உதைத்தான். நான் கோழிக்கூட்டின் மேல் விழுந்தேன். தனுவின் ஒரு கையைப் பிடித்துத் தூக்கி, வண்டியின் முன்னால் பெட்ரோல் டேங்கில் உட்கார வைத்துக் கிளம்பிவிட்டான். அவள் "சித்தி, சித்தி" என்று கத்தின சத்தம் வளைவு திரும்பும்வரை கேட்டது.

வண்டிக்கு ரோடு சுற்றித்தான் இறங்க வேண்டும். நான் தேயிலைக்குள் குறுக்கே விழுந்து ஓடினேன். செடி காலைக் கிழித்தது. தண்ணீர் ஓடுகிற கானில் உருண்டேன். கீழே நம் அப்பாவின் பஞ்சர் கடைக்கு முன்னால் போய் ரோட்டின் நடுவில் நிற்க வேண்டும், அவ்வளவுதான் மனசில் இருந்தது. ஏற்றினால் என் மேல் ஏற்றட்டும்.

அவன் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தான் அக்கா.

பின்சக்கரத்தில் காற்றே இல்லை. மேல் மலையில் இப்போது கவ்வாத்து நடக்கிறது. வெட்டின தேயிலைக் குச்சியைப் பொம்பளைகள் விறகுக்குக் கட்டித் தூக்கிப் போவார்கள், அதில் இரண்டொன்று ரோட்டில் விழும். நீயும் சுமந்தவள்தானே, அந்த மிலாறுக் குச்சி எப்படி இருக்கும் என்று தெரியாதா? கத்தி சரித்து வெட்டின முனை ஆணி மாதிரி நிற்கும். அதுதான் அவன் டயருக்குள் போயிருந்தது.

"வேணும்னே போட்டிருக்காளுங்க, தோட்டத்துச் சனியன்கள்" என்று குச்சியைப் பிடுங்கி என் முகத்தில் எறிந்தான். "ஒட்டு. சீக்கிரம் ஒட்டு."

மஸ்கெலியா போகும்வரை வேறு பஞ்சர் கடை கிடையாது. ஒட்ட மாட்டேன் என்றால் வருகிற பஸ்ஸில் பிள்ளையோடு ஏறிவிடுவான். அப்பாவின் போனுக்கு லைன் கிடைக்கவில்லை. பகல் கொழுந்து நிறுக்க அம்மாவும் மற்றப் பொம்பளைகளும் ரோட்டோரக் கொழுந்து மடுவத்துக்கு இறங்குகிற நேரம் வரவில்லை, ஆனால் தூரமும் இல்லை. அதுவரை இழுத்தால் போதும். நான் ஸ்பேனரை எடுத்தேன்.

இதைச் சக்கரம் கழற்றாமலே ஒட்டலாம். டயரை ஒரு பக்கம் நெம்பி, டியூபை இழுத்து, ஓட்டையைப் பார்த்து ஒட்டினால் முடிந்தது. அப்பா அப்படித்தான் செய்வார். நான் கட்டையை முட்டுக் கொடுத்து, அச்சு நட்டைக் கழற்றி, சங்கிலியை இறக்கி, சக்கரத்தையே தனியாக வெளியே எடுத்தேன். டயரை இரண்டு பக்கமும் பிரித்தேன். டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் முக்கி, ஓட்டை தெரிந்த பிறகும் முழுசாக ஒரு சுற்று தேடினேன். பசை தடவி, காய்ந்த பிறகும் ஊதிக்கொண்டிருந்தேன்.

தனு அவன் பிடியில் விக்கிக்கொண்டு நின்றாள். அழுகிற ஒவ்வொரு தடவையும் தலையில் குட்டினான். ஒவ்வொரு குட்டுக்கும் என் கையிலிருந்த நெம்புகம்பி கனத்தது. அவன் மண்டையைப் பார்த்தேன் அக்கா. எங்கே அடித்தால் விழுவான் என்று பார்த்தேன். நான்தான், உன் வாயில்லாத தங்கச்சிதான் பார்த்தேன்.

அப்போது ஒரு ஆட்டோ வந்து நின்றது. காற்றுப் பிடிக்க வழக்கமாக வருகிற சிங்கள அண்ணன். நல்ல மனுசன், என்னைத் தங்கச்சி மாதிரி நங்கி என்றுதான் கூப்பிடுவார். சக்கரம் தனியாகக் கிடப்பதைப் பார்த்துச் சிரித்துவிட்டார்.

"ஏன் நங்கி, ஒரு ஓட்டைக்கு முழு வண்டியும் கழட்டுறதா? அப்பா இப்பிடியா செய்றது? சும்மாவே ஒட்டுறதானே!"

பாவம், அவருக்கு என்ன தெரியும்?

அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். அவன் ஹெல்மெட்டைத் தூக்கியதைப் பார்த்தேன், இறங்கியதைப் பார்க்கவில்லை. உதடு பிளந்து பல்லில் ஒட்டிக்கொண்டது. இரண்டாவது அடி காதில். கீழே கிடந்தபடியே அச்சு நட்டைக் கையால் தேடி எடுத்துப் பள்ளத்தில் வீசினேன். இனி ஒட்டினாலும் போக முடியாது. அது தெரிந்ததும் என் முடியைப் பிடித்துத் தண்ணீர்த் தொட்டிக்குள் முகத்தை அமுக்கினான். உன் கழுத்தைப் பிடித்த அதே கை. எனக்கு உள்ளே உன் முகம்தான் தெரிந்தது.

ஆட்டோ அண்ணன் ஓடிவந்து அவனைப் பிடித்து இழுத்தார். அவருக்கும் நெஞ்சில் ஒரு உதை. அவர் எழுந்து ஆட்டோவுக்குள் போய் ஹாரனில் கையை வைத்தார். எடுக்கவே இல்லை. மலை முழுக்க அந்தச் சத்தம்.

அவன் பிடி விட்டதும் நான் தண்ணீரிலிருந்து தலையைத் தூக்கிக் கத்தினேன். "எங்க அக்காவைக் கொன்னவன்! இவன்தான் கொன்னான்!" என் குரல்தானா என்று எனக்கே தெரியவில்லை. ரத்தமும் தண்ணியுமாக வந்தது.

அவர்கள் இறங்கி வந்தார்கள் அக்கா. கூடையைக் கழற்றக்கூட இல்லை. முன்னால் மாரியாயி பெரியம்மா, பின்னால் நம் அம்மா. ரோட்டில் யார் எதிரே வந்தாலும் ஓரமாக ஒதுங்கி நிற்கிற நம் அம்மா.

"நான் அப்பன்! என் புள்ளையை நான் கூட்டிட்டுப் போறேன். குச்சியைப் போட்டு மறிக்கிறீங்களாடி?" என்றான் அவன்.

"ஆமாடா, நாங்கதான் போட்டோம்" என்றாள் பெரியம்மா. "அடுத்த தடவை டயர்ல போட மாட்டோம், வா."

யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில்தான் அவன் பெரியம்மாவை அறைந்தான். பிறகு நடந்ததை எப்படி எழுத? கொழுந்துக்கு மட்டம் பார்க்கிற கம்பு எல்லார் கையிலும் இருந்தது. அவன் தலையை மூடினால் முதுகில், முதுகைத் திருப்பினால் முட்டியில். கம்பு முறிந்தவர்கள் கையால் அடித்தார்கள். அம்மா கீழே கிடந்த ஹெல்மெட்டை எடுத்து அவன் வாயில் அடித்தாள். மறுபடியும் அடித்தாள். "ஏய், போதும், செத்துருவான்" என்று பெரியம்மாதான் அவளைப் பின்னாலிருந்து கட்டிப் பிடித்தாள்.

நான் தனுவை என் பக்கம் இழுத்து, அவள் கண்ணைப் பொத்திக்கொண்டு நின்றேன். ஆனால் நான் கண்ணை மூடவில்லை. எனக்குச் சந்தோசமாக இருந்தது. அது சரியா அக்கா? இப்போதும் அந்தச் சத்தம் கேட்டுத் திடுக்கிடுகிறேன். அப்போது மட்டும் சந்தோசமாக இருந்தது.

அவன் நொண்டிக்கொண்டு பஸ் ஏறிப் போனான். "போலீஸோட வர்றேன்" என்று ரத்தத்தைத் துப்பிவிட்டுப் போனான்.

அப்பா பின்னேரம் வந்து எல்லாவற்றையும் கேட்டார். அப்படியே உட்கார்ந்து அந்த டியூபை ஒட்டத் தொடங்கினார். வேறொரு நட்டைப் போட்டுச் சக்கரத்தையும் மாட்டினார். அம்மாவுக்கு வந்த கோபம்!

"அவன் வண்டிக்கா ஒட்டுறீங்க? வெக்கமா இல்லையா உங்களுக்கு?"

"வண்டி இங்க கெடந்தா, அதைச் சாக்கு வச்சுத் திரும்பி வருவான்" என்றார் அப்பா. "போலீஸ் ஸ்டேஷன்ல விட்டுட்டு வருவோம். பாப்பா, தனுவைத் தூக்கிக்கிட்டு நீயும் வா."

அவர் வண்டியைத் தள்ள, நான் தனுவைத் தூக்க, பொம்பளைகள் பின்னால் வர, ஸ்டேஷனுக்குப் போனோம். அவன் முதலே வந்து முறைப்பாடு கொடுத்திருந்தான். தோட்டமே சேர்ந்து வழி மறித்துப் பிள்ளையைப் பறித்தது என்று. பொம்பளைப் போலீஸ் ஒருவர் என் உதட்டைப் பார்த்துவிட்டுத் தண்ணீர் கொடுத்தார். எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன், தெரியாததற்கு ஆட்டோ அண்ணன் சொன்னார். உன்னைப் பற்றியும் சொன்னேன். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார்கள்.

கோர்ட் முடிவு சொல்லும்வரை தனு எங்களோடுதான். ஹட்டன் கோர்ட்டுக்கு அவன் லோயரோடு வருவானாம். அப்பன் உயிரோடு இருக்கும்போது சித்திக்கு என்ன உரிமை என்று கேட்பார்களாம். உன்னைப் பற்றி இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்றும் கேட்பார்களாம். நான் அழுதால் அதுவே அவனுக்குப் போதும் என்று ஆட்டோ அண்ணன் சொல்கிறார். அம்மாவின் மேலும் கேஸ் வரலாம். வரட்டும் என்கிறாள். இரண்டு நாளாக நன்றாகச் சாப்பிடுகிறாள், நீ போன பிறகு இப்போதுதான்.

எனக்குப் பயமாக இருக்கிறது அக்கா. அத்தனை பேர் என் வாயையே பார்ப்பார்கள். ஆனாலும் உனக்கு ஒரு சத்தியம் செய்கிறேன். நான் அந்தக் கூண்டில் ஏறுவேன். அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொல்வேன். சத்தம் வராவிட்டால் வரும்வரை அங்கேயே நிற்பேன். யார் இறங்கச் சொன்னாலும் சொல்லி முடிக்காமல் இறங்க மாட்டேன்.

உன் கூடப்பிறந்தவள்,
தனுவின் சித்தி