வீரசிங்கம் ஐயாவின் பெயர் பதித்த வாங்கு

பஜார் வீதி, பதுளை
1913 பெப்ரவரி

அன்பு மகன் ஜௌபருக்கு உம்மாவின் ஸலாம். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே வாப்பாவின் மூட்டு வலியையும் என் வாயையும் தவிர மற்றதெல்லாம் அடங்கித்தான் இருக்கிறது. பினாங்கில் நீயும் மருமகள் றஷீனாவும் சுகமாயிருக்கத் துஆ செய்கிறேன். இருமல் விட்டதா என்று நீ எழுதவே இல்லை, கொத்தமல்லி அவித்துக் குடி.

இங்கே பெரிய புதினம், கோர்ட்டில் மொழிபெயர்த்துச் சொல்லும் துவிபாஷியாக இருந்து ஓய்வு பெற்ற வீரசிங்கம் ஐயாவுக்கு ஊரே கூடி மரியாதை செய்தது. வழக்குக்கு வரும் தேயிலைத் தோட்டத்துச் சனம் வெயிலோ மழையோ முற்றத்தில்தான் நிற்க வேண்டும் என்றிருந்ததை எதிர்த்து, அந்த மனிதர் உத்தியோகம் பார்த்த காலமெல்லாம் பெட்டிசம் எழுதி எழுதி, கடைசியில் விறாந்தையில் உட்கார நீளமாய் ஒரு பலகை வாங்கு போட வைத்தார், யாரும் உட்காரலாம் என்று உத்தரவும் பெற்றார். அப்போது அவரைத் திட்டித் தீர்த்த துரைமார்தான் இப்போது மாலை போட்டார்கள். மரியாதைக் கமிட்டிக்கு உன் வாப்பா தலைவர், கால் நிலத்தில் படவில்லை. பழைய பலகை ஐயாவின் மதிப்புக்குக் குறைவாம், அதைத் தூக்கிவிட்டுத் தேக்கில் புது வாங்கு செய்து, சாய்மானத்தில் அவர் பெயரைப் பித்தளையில் பதித்தார்கள். கண்டவனும் சாய்ந்தால் பித்தளை கறுத்துப்போகுமே என்று கமிட்டி கூடி யோசித்துக் குறுக்கே ஒரு சங்கிலியும் கட்டியது. சங்கிலி நம் இரும்புக் கடை அன்பளிப்பு.

அடுத்த திங்கட்கிழமை நல்ல மழை. மேல்மாடி ஜன்னலிலிருந்து பார்க்கிறேன், ஹாலிஎலத் தோட்டத்து ரெங்கம்மா, புருஷன் தோட்டத்து வேலையை விட்டு ஓடியதாகத் துரை போட்ட வழக்குக்கு வந்தவள், நிறைமாத வயிற்றோடு எதிரே கோர்ட்டு முற்றத்துச் சேற்றில் நிற்கிறாள். வாங்கு மட்டும் நனையாமல் சும்மா இருக்கிறது. அந்த நேரம் பார்த்து ஐயா வந்தார். பியூன் சங்கிலியைத் தூக்கிப் பிடித்து, நீங்க உக்காரலாங்க, ஒங்க பேருதானே போட்டிருக்கு என்றானாம். ஐயா உட்காரவில்லை. நேரே நம் கடைக்கு வந்து, தன் பெயர் போட்ட வாங்குக்கு எதிராகத் தானே பெட்டிசம் எழுதப் போவதாகவும், முதல் கையெழுத்தைக் கமிட்டித் தலைவரே போட வேண்டும் என்றும் சொன்னார். கமிட்டியைக் கூட்டித்தான் யோசிக்க வேணும் என்று வாப்பா இழுத்தார். நீ வயிற்றில் இருந்தபோது ஒரு படி ஏற நான் பட்ட பாடு எனக்குத்தானே தெரியும். இறங்கி வந்து, திரைக்குப் பின்னால் நின்றே சத்தமாய்ச் சொன்னேன், கமிட்டி கூடி முடியிறதுக்குள்ள புள்ள பொறந்திரும், சங்கிலி நம்ம கடைச் சாமான்தானே, போய்க் கழட்டிக் கொண்டு வாங்க என்று. கடையில் நின்ற அத்தனை பேரும் கேட்டார்கள். வாப்பா தொப்பியைச் சரிசெய்துகொண்டு ஐயாவின் குடைக்குள் நுழைந்து கிளம்பினார்.

ரெங்கம்மா உட்கார்ந்தாள், அவளோடு வந்தவர்களும் நெருக்கி உட்கார்ந்தார்கள். அந்தச் சங்கிலியில் இப்போது நம் ஆடு கட்டியிருக்கிறது. கழற்றியது தன் யோசனைதான் என்று வாப்பா ஊரெல்லாம் சொல்லித் திரிகிறார், நீயும் அப்படியே புகழ்ந்து நாலு வரி எழுதிவிடு, பாவம்.

றஷீனாவைப் பாரம் தூக்க விடாதே. இருவருக்கும் அல்லாஹ் நீண்ட ஆயுளும் குறையாத சோறும் ரிஸ்க்கும் தருவானாக. ஊருக்கு வந்தால் மறக்காமல் அந்த வாங்கைப் போய்ப் பார். கோர்ட்டு நாளில் போனால் ஐயாவின் பெயர் தெரியாது, சனத்தின் முதுகு மறைத்திருக்கும். அவர் எதிர்க் கடையில் தேத்தண்ணி குடித்தபடி அதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்.

இப்படிக்கு,
உன்னையே நினைத்திருக்கும் உம்மா
ஸகீனா