ரோலாவில் கடப்பா கிடைக்கிறது, சாந்தா அக்கா

ஒரு ரசம்கூட உருப்படியாக வைக்கத் தெரியாத என் பிரியமான சாந்தா அக்காவுக்கு,

இப்படித் தொடங்குவதால் நீங்கள் கோபித்துக்கொள்ள மாட்டீர்கள். "எனக்குச் சமைக்கத் தெரியாது, சாப்பிடத் தெரியும்" என்று ஸ்டாஃப் ரூம் முதல் லிஃப்ட் வரை நீங்களே சொல்லிக்கொண்டு திரிந்ததுதானே.

உங்களுக்கு ஒரு நல்ல சேதி வைத்திருக்கிறேன். ஆனால் இதைப் படிக்கப்போகிற மற்றவர்களுக்கு நம் கதை தெரியாது. அதனால் கொஞ்சம் பின்னால் போய்ச் சொல்லிக்கொண்டு வருகிறேன். உங்களுக்குப் பொறுமை கிடையாது என்று தெரியும். இன்றைக்கு மட்டும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

2004-ல் கல்யாணமாகி மன்னார்குடியிலிருந்து ஷார்ஜாவுக்கு வந்தேன். ரோலாவில் ஐந்தாவது மாடி. கணவர் செந்தில் விடியும்போது கம்பெனி வண்டியில் சைட்டுக்குப் போனால் இருட்டிய பிறகுதான் வருவார். எதிர் ஃபிளாட்டில் நீங்கள், இந்தியன் ஸ்கூலின் கணக்கு டீச்சர், இன்னும் இரண்டு டீச்சர்களோடு இருந்தீர்கள். கல்யாணம் செய்துகொள்ளாதவர், மதுரைக்காரர், சத்தமாகச் சிரிப்பவர். உங்களைப் பார்த்தாலே நான் கதவைச் சாத்திக்கொள்வேன். மளிகைக் கடையில் கொத்தமல்லி இருக்கிறதா என்று கேட்கவே யோசிக்கிற ஆள் நான்.

மூன்றாவது மாத மசக்கையில் தண்ணீர்கூட வயிற்றில் நிற்கவில்லை. இன்னும் எடை குறைந்தால் ஆஸ்பத்திரியில் சேர்க்கவேண்டியிருக்கும், பிள்ளைக்கும் நல்லதில்லை என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். அன்று நான் வாந்தி எடுக்கும் சத்தம் வராந்தா வரைக்கும் கேட்டு நீங்கள் வந்து கதவைத் தட்டினீர்கள்.

"என்னம்மா சாப்பிட்ட?"

"எதுவும் பிடிக்கல டீச்சர்."

"டீச்சரெல்லாம் ஸ்கூல்ல. அக்கான்னு கூப்பிடு. எது பிடிக்கலேன்னு கேக்கல. எதச் சாப்பிட்டா நிக்கும்னு தோணுது?"

"இட்லியும் கடப்பாவும்."

"கடப்பாவா? தரையில போடுற கல்லா?"

பல நாள் கழித்து அன்றுதான் சிரித்தேன். எங்கள் பக்கத்து ஹோட்டல்களில் ஞாயிற்றுக்கிழமை காலையில் இட்லிக்கு ஊற்றுவார்கள் அக்கா, பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் வெந்து, தேங்காயும் சோம்பும் பச்சைமிளகாயும் அரைத்துவிட்டது என்று விளக்கினேன். வீட்டில் செய்து பார்த்தாயிற்று. ஆனால் தாளிக்கிற வாசனையிலேயே எனக்குக் குமட்டிவிடும். யாராவது செய்து தட்டில் வைத்தால்தான் உண்டு.

நீங்கள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு சொன்னீர்கள்: "இத்தாப்பெரிய ஊருல ஒருத்தனுக்குமா தெரியாது? வெள்ளிக்கிழமை லீவுதானே, கெளம்பு."

அந்த முதல் இரண்டு வெள்ளிக்கிழமைகளை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. சோழநாட்டுச் சமையல் என்று போர்டு வைத்திருந்த துபாய் கராமா கடையில் கல்லாவில் இருந்தவர், "கடப்பா ஆந்திரால இருக்குங்க, பஸ்ல போகணும்" என்றார். பர்துபாயில் பெரிய ஹோட்டல் ஒன்றில் பிளாஸ்டிக் வாழையிலை போட்டார்கள். சாம்பார் பாயசம் மாதிரி இனித்தது. மேனேஜரைக் கூப்பிட்டு, "இதுல சர்க்கரை போட்டவர எனக்குப் பாக்கணுமே" என்றீர்கள். நான் வெட்கத்தில் கர்ச்சீப்பால் முகத்தை மூடிக்கொண்டேன். இன்னொரு கடையில் வெறும் குருமாவைக் கொண்டுவந்து வைத்து, இதுதான் கடப்பா என்று சத்தியம் செய்தார்கள்.

மூன்றாவது வாரம் நீங்கள் வழியை மாற்றினீர்கள். போர்டைப் பார்த்துப் போவதில்லை, சாப்பிடுகிறவனைக் கேட்போம் என்றீர்கள். உங்கள் ஸ்கூல் பஸ் டிரைவர் திருவாரூர்க்காரர். "அண்ணே, லீவு நாள்ல நீங்க எங்க சாப்பிடுவீங்க?" என்று கேட்டிருக்கிறீர்கள். அவர் தயங்கித் தயங்கி, அது ஃபேமிலி போற இடமில்லை டீச்சர், துபாய் அல் கூஸில் ஒரு மெஸ் என்றாராம்.

இரண்டு பக்கமும் கோடவுன், ஒர்க் ஷாப், லேபர் கேம்ப். டாக்ஸி டிரைவரே இரண்டு முறை திரும்பிப் பார்த்தார், சரியான இடத்துக்குத்தான் போகிறோமா என்று. உள்ளே நீளமான மேசைகளில் ஐம்பது பேர் இருக்கும், அத்தனையும் ஆண்கள். நாம் நுழைந்ததும் பேச்சு நின்றுவிட்டது. எனக்குக் கால் பின்னால் போனது. நீங்கள் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, கிளாஸில் பேசுகிற அதே குரலில், "வணக்கம், சாப்பிட வந்திருக்கோம்" என்றீர்கள்.

ஓரத்து மேசையில் ஒருவர் தட்டோடு எழுந்தார். "உக்காருங்கக்கா."

"பாதி இட்லில எதுக்குண்ணே எந்திரிக்கிறீங்க? கொஞ்சம் நகருங்க, போதும்."

சமையல்காரர் செல்வராஜ் அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார். விஷயத்தைச் சொன்னீர்கள். அவர் என்னைப் பார்த்தார்.

"மன்னார்குடியில எங்கம்மா?"

"பந்தலடிக்குப் பக்கத்துல."

"அட! நான் நீடாமங்கலம். வெள்ளிக்கிழமைன்னா நம்ம கடையில கடப்பாதானே."

தட்டு வந்தது. முதல் வாயிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. எச்சில் ஊறியது, குமட்டல் வரவில்லை. ஆனாலும் ஏதோ ஒன்று குறைந்தது. நானே எதிர்பார்க்காமல் என் வாயிலிருந்து வந்தது: "கசகசா இல்லியே?"

செல்வராஜ் அண்ணன் பெரிதாகச் சிரித்தார். "கசகசா கொண்டாந்தா என்னைய உள்ள தூக்கிப் போட்டுருவாங்கம்மா. இந்த நாட்டுல அது போதைச் சாமான் கணக்கு, மாஃபி, கெடையவே கெடையாது. முந்திரிய ஊறவச்சு அரைச்சு ஊத்திருக்கேன்."

நீங்கள் விடவில்லை. "அப்ப இது ஒரிஜினலா, டூப்ளிகேட்டா? கல்யாணி, நீதான் சொல்லணும். எனக்கு இந்தக் கடப்பாவத் தெரியாது."

ஐம்பது பேரும் என்னைப் பார்த்தார்கள். அவ்வளவு பேர் என் பதிலுக்குக் காத்திருந்தது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. இன்னொரு வாய் சாப்பிட்டுவிட்டு, "எங்க ஊரு கடப்பாதான். முந்திரிய மட்டும் கொஞ்சம் குறைச்சுக்கங்க" என்றேன். மெஸ்ஸே சிரித்தது. செல்வராஜ் அண்ணன், "சரிங்கம்மா" என்று தலையாட்டிவிட்டு உள்ளே போனார். நான்கு இட்லி சாப்பிட்டேன். திரும்பி வரும்போது ரோலா வரைக்கும் நீங்கள் ஒரு பாலித்தீன் கவரை விரித்துப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தீர்கள். அதற்கு வேலை வரவில்லை.

அதன் பிறகு பிள்ளை பிறக்கும் வரை வெள்ளிக்கிழமை தவறாமல் அல் கூஸ். யாழினி பிறந்த பிறகு அவளையும் தூக்கிக்கொண்டு ஊரெல்லாம் சுற்றினோம். எந்தக் கடைக்குப் போனாலும் சமையல்காரர் எந்த ஊர் என்று கேட்பீர்கள். ஒரு செட்டிநாட்டுக் கடையில் அவர் நேபாளம் என்று தெரிந்ததும் உதட்டைப் பிதுக்கினீர்கள். அவர் செய்த மிளகுக் கோழியைச் சாப்பிட்டபின் சமையல்கட்டு வாசலில் போய் நின்று, "பாய், நான் தப்பா நெனச்சுட்டேன்" என்று சொன்னது அவருக்குப் புரிந்திருக்குமா? கையெடுத்துக் கும்பிட்டார். தப்பு என்று தெரிந்தால் அந்த இடத்திலேயே ஒத்துக்கொள்கிற உங்கள் குணம் எனக்கு இன்னும் வரவில்லை அக்கா.

அப்புறம் உங்களுக்கு அந்தக் கட்டி வந்தது. மூன்று மாதத்தில் வந்துவிடுவேன் என்று ஒரு பெட்டியோடு மதுரைக்குப் போனீர்கள். ஆபரேஷன், அதன் மேல் மருந்து. ஒரு நாள் போனில் சொன்னீர்கள்.

"வாய் செத்துப் போச்சுடி கல்யாணி. எத வச்சாலும் சாக்பீஸத் தின்ன மாதிரி இருக்கு. எனக்காக நீ போய்ச் சாப்பிட்டுச் சொல்லு."

உங்களுக்காகத்தான் நான் முதன்முதலில் தனியாக ஓர் ஓட்டலுக்குள் நுழைந்தேன். இடுப்பில் பிள்ளை, கையில் பேக். ஒவ்வொரு வெள்ளியும் ஒரு கடை. சாயங்காலம் உங்களுக்குப் போன். தோசை ஓரம் எப்படி இருந்தது, சட்னியில் பொட்டுக்கடலை தூக்கலா, சோற்றில் ஆவி பறந்ததா, எல்லாம் கேட்பீர்கள். ஒரு முறை உங்கள் குரல் மிகவும் சோர்ந்திருந்தது. சந்தோஷப்படட்டுமே என்று ஒரு சுமாரான கடையை ஆகா ஓகோ என்று அளந்துவிட்டேன். முழுவதும் கேட்டுவிட்டுச் சொன்னீர்கள்: "பொய் சொல்லாத. நல்லா இருந்திருந்தா நீ இவ்வளவு பேச மாட்ட."

மறு வாரம் போனை உங்கள் தம்பிதான் எடுத்தார்.

உங்களை வழியனுப்ப என்னால் வர முடியவில்லை. யாழினிக்குக் காய்ச்சல், செந்திலுக்கு லீவு கிடைக்கவில்லை என்று எல்லோரிடமும் காரணம் சொன்னேன். உண்மைக் காரணம் அதுதானா? உங்களை அப்படிப் பார்க்கும் தைரியம் எனக்கு இருந்ததா? தெரியவில்லை அக்கா.

இனி இப்போதைய சேதி. துபாயில் மெட்ரோ ரயில் ஓட ஆரம்பித்துவிட்டது. ஷார்ஜாவுக்குத்தான் வரவில்லை. நாம் அதே டிராஃபிக்கில்தான் நிற்கிறோம். பண நெருக்கடியில் பாதி கட்டிடங்கள் அப்படியே நிற்கின்றன, கிரேன் அசைவதில்லை. அல் கூஸ் கேம்ப்புகளில் ஆட்களை ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். மெஸ்ஸில் ஒரு மேசைக்குத்தான் ஆள் இருந்தது. போன வருஷம் ஒரு வெள்ளிக்கிழமை போனபோது செல்வராஜ் அண்ணன் சொன்னார்.

"இந்த மாசத்தோட கலாஸ்மா. விசாவ கேன்சல் பண்றாங்க. ஊருக்குப் போய் என்ன பண்றதுன்னு தெரியல. மூத்தவ இப்பத்தான் நர்சிங் சேந்திருக்கா."

வீட்டுக்கு வந்து இரண்டு நாள் யோசித்தேன். மூன்றாம் நாள் நம் தெருமுனை ஓட்டல் கீழக்கரை பாயிடம் போனேன். ஷவர்மா முதல் நூடுல்ஸ் வரை எல்லாம் போடுகிறாரே, "உங்க மெனு டெலிபோன் டைரக்டரி மாதிரி இருக்கு" என்று நீங்கள் சண்டை போடுவீர்களே, அவர்தான். என் கையில் டிபன் கேரியர். செல்வராஜ் அண்ணன் செய்துகொடுத்த இட்லியும் கடப்பாவும்.

"பாய், இதச் சாப்பிட்டுப் பாருங்க. நல்லா இருந்தா இவரை உங்க கிச்சனுக்கு எடுத்துக்கங்க."

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "உங்க டீச்சரம்மா சொல்லி அனுப்புனாங்களா? ஆளையே காணோமே."

"அவங்க மௌத்தாகி ஒரு வருஷம் ஆச்சு பாய்."

பாய் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். ஏதோ ஓதுவதுபோல் உதடு மட்டும் அசைந்தது. பிறகு கேரியரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். ஒன்றும் பேசாமல் சாப்பிட்டு முடித்தார்.

"என் கிச்சன் ஆளுங்க அந்தம்மா வந்தா நடுங்குவானுங்க. சரிம்மா, வெள்ளிக்கிழமை காலையில மட்டும் போட்டுப் பாப்போம். ஓடுச்சுன்னா விசா மாத்துறேன். ஓடலேன்னா என்னையக் குறை சொல்லக் கூடாது."

முதல் வெள்ளி ஓடவில்லை அக்கா. மெனுவில் கடப்பா என்று பார்த்தவர்களெல்லாம் சாம்பாரே கேட்டார்கள். பாத்திரத்தில் முக்கால்வாசி அப்படியே கிடந்தது. செல்வராஜ் அண்ணன் கிச்சன் கதவிடுக்கில் நின்று ஒவ்வொரு மேசையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

அடுத்த வெள்ளி, கடை திறந்ததும் போய் உட்கார்ந்தேன். குடும்பங்கள் வந்ததும் எழுந்து முதல் மேசைக்குப் போனேன். நீங்கள் மெஸ்ஸில் பேசிய அதே குரலில் சொன்னேன். "வணக்கம். நான் கடைக்காரி இல்லீங்க, சாப்பிட வந்தவ. மன்னார்குடி. இன்னிக்கு சாம்பார் வேண்டாம், கடப்பா கேளுங்க. பிடிக்கலேன்னா எங்கிட்ட வந்து திட்டுங்க." ஆறு மேசைக்கும் போய்ச் சொன்னேன். செந்தில் யாரோ மாதிரி ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்! ஒருவரும் திட்ட வரவில்லை. கும்பகோணத்துக்காரர் ஒருவர் மட்டும் வந்து, "எட்டு வருஷமா இந்த ஊருல இருக்கேம்மா, இது எங்க இருந்துச்சு?" என்றார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது.

ஐந்தாவது வெள்ளி, ஜும்மாவுக்கு வெகு முன்னாலேயே பாத்திரம் காலி. பாய் தானே பேப்பர்களை எடுத்துக்கொண்டு போய் விசா மாற்றினார். மெனுவும் இப்போது ஒரே ஒரு அட்டைதான். நூடுல்ஸ் போய்விட்டது. செல்வராஜ் அண்ணன் மகள் நர்சிங் இரண்டாம் வருஷம். ரோலாவில் நிஜமான நம் ஊர்ச் சாப்பாடு எங்கே கிடைக்கும் என்று புதிதாக வருகிறவர்கள் என்னைத்தான் கேட்கிறார்கள். யாரென்றே எனக்குத் தெரியாதவர்கள்கூடப் போன் செய்கிறார்கள். நல்லது எது, பெயருக்கு நடத்துவது எது என்று பதில் சொல்ல எனக்கு அரை நிமிஷம் போதும்.

ஆகஸ்டு லீவுக்கு டிக்கெட் போட்டாயிற்று. மன்னார்குடிக்குப் போகுமுன் மதுரைக்கு வருகிறேன் அக்கா. உங்கள் தம்பி வீட்டுக்கு முதலில் போவேன். உங்கள் படத்துக்கு முன்னால் அழவேண்டியதை அழுது முடிப்பேன். அப்புறம் உங்கள் ஊர்க் கடைகளில் ஒவ்வொன்றாக உட்கார்ந்து சாப்பிடப் போகிறேன். சத்தியமாகச் சொல்கிறேன், உங்கள் ஊராயிற்றே என்று தயவு பார்க்க மாட்டேன். சுமாராக இருந்தால் சுமார் என்பேன். நன்றாக இருந்தால் அதிகம் பேச மாட்டேன். நீங்களே புரிந்துகொள்ளுங்கள்.

நீங்கள் கூப்பிட்டு உட்காரவைத்த தங்கச்சி,
கல்யாணி
ரோலா, ஷார்ஜா