ஊருக்குக் கொடுத்தனுப்பிய பொட்டலங்கள்

என் பிரியத்துக்குரிய பார்வதி அப்பாவுக்கு,

கப்பலில் போய் வந்துவிட்டோம். நீங்கள் ஆசைப்பட்டபடியே, வேலைக்கு இல்லை, கலியாணத்துக்கு இல்லை, சாவுக்கு இல்லை, சும்மா பார்ப்பதற்கு. சிங்கப்பூர்த் துறைமுகத்தில் கணக்கெழுதும் கிராணியாக அத்தனை வருஷம் ஊரார் மூட்டைகளை எண்ணினீர்கள், சும்மா பார்க்க என்று ஒரு தடவைகூட நீங்கள் ஏறவில்லையே என்று கப்பல் படியில் கால் வைத்ததும் அழுதேன். அப்புறம் வந்த குமட்டலில் அழுகை மறந்துபோயிற்று.

நம் ஆட்கள் சும்மா பார்க்கக் கப்பல் ஏறுவார்கள் என்று யாரும் நம்பவில்லை, தெரியுமா? டெக்கில் பக்கத்துப் பாயில் இருந்த அம்மா, "எந்தத் தோட்டத்துக்குப் போறீங்க?" என்று கேட்டார்.

"தோட்டத்துக்கு இல்லங்க, பினாங்கு பார்க்க," என்றான் நம் மகன் முருகேசு.

"பார்த்துட்டு?"

"திரும்பிடுவோம்."

அந்த அம்மா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுத் தன் பெட்டியைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டார்.

பினாங்கில் உங்கள் தம்பி சதாசிவம் படகுத்துறைக்கே வந்திருந்தார். பிள்ளைகளைக் கட்டிக்கொண்டு அழுதார். "அண்ணன் ஆசைப்பட்ட பயணம், வாங்க அண்ணி" என்று கடிதம் போட்டு அழைத்தவர் அவர்தானே. தண்ணீர்மலைக் கோயில், குரங்குத் தோட்டம், மலை ரயில் என்று அரிசிக்கடையைக்கூடக் கவனிக்காமல் சுற்றிக் காட்டினார். மலை ரயிலில் உங்கள் மகன் கண்ணை இறுக மூடிக்கொண்டான். இறங்கியதும் யாரும் கேட்காமலே "நான் பயப்படல" என்றான். சந்தேகமே இல்லை, உங்கள் பிள்ளைதான்.

கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு எதிர்வீட்டுப் பெண் ஒரு பொட்டலத்தோடு வந்தாள். "எங்க அம்மாவுக்கு ஒரு சேலை அக்கா. நீங்க ஊருக்குப் போறீங்களாமே, நாகப்பட்டினத்துல வந்து வாங்கிக்குவாங்க." வீடு மாறி வந்துவிட்டாள் என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் தையற்காரர் மனைவி பிஸ்கட் டின்னோடு வந்தாள். பிறகு முனைச் சாப்பாட்டுக் கடை கனி பாய், ஜாதிக்காய்த் தைலம் ஒரு போத்தல் கொண்டுவந்தார். "நாகூர்ல என் தங்கச்சிகிட்ட சேர்த்துடுங்கம்மா. முட்டிவலில நடக்க முடியாம கிடக்கு."

சாயங்காலத்துக்குள் அலமாரித் தட்டு நிறைந்துவிட்டது. உங்கள் தம்பி மனைவி தனத்தைக் கூப்பிட்டு, "என்னடி இதெல்லாம்?" என்றேன். அவள் அடுப்பையே பார்த்துக்கொண்டு சொன்னாள்: "நாகப்பட்டினம் கப்பலுக்கு உங்க மூணு பேருக்கும் சீட்டு எடுத்துட்டாங்க அக்கா. உங்ககிட்ட கடைசில சொல்லிக்கலாம்னு…"

நான் போகப்போகும் ஊர் எனக்கு முன்னால் தெருவுக்கே தெரிந்திருக்கிறது! உடம்பெல்லாம் எரிந்தது எனக்கு.

கடை அடைத்துவிட்டு வந்ததும் கேட்டேன். உங்கள் தம்பி தலையைக் குனிந்துகொண்டார். "தப்பா நினைக்காதீங்க அண்ணி. ஆம்பள இல்லாத வீடு. ஊர்ல பெரியண்ணன் வீட்ல ஒரு அறை இருக்கு. பார்வதிக்கும் அங்கயே ஒரு மாப்பிள்ளை பார்த்துடலாம்."

"அவ படிச்சுக்கிட்டு இருக்கா தம்பி."

"படிச்ச வரைக்கும் போதும் அண்ணி. சீட்டு எடுத்தாச்சு."

"அப்ப நீங்க போயிட்டு வாங்க. உங்களுக்கும் ஊரைப் பார்த்து நாளாச்சு."

அவர் சிரிக்கவில்லை. கெட்ட மனுஷன் இல்லை அவர். உங்கள் மேல் வைத்த பாசத்தை எங்கே இறக்கி வைப்பது என்று தெரியாமல் என் தலையில் இறக்கப் பார்த்தார். ஆனால் பெரியவர் வீட்டு அறையில் ஒடுங்கிக் கிடக்கவா நீங்கள் என்னைச் சிங்கப்பூருக்குக் கூட்டிவந்தீர்கள்? நீங்கள் இருந்திருந்தால் யார் பக்கம் பேசியிருப்பீர்கள்? தம்பி பக்கமா, என் பக்கமா?

"தெரு முழுக்கச் சொல்லியாச்சு அண்ணி. இப்பப் போய் இல்லன்னா நாலு பேரு என்ன நினைப்பாங்க?" என்றார் கடைசியாக. சரி, அந்த நாலு பேரிடமே நான் பேசிக்கொள்கிறேன் என்று முடிவு செய்தேன்.

காலையில் பொட்டலங்களை எல்லாம் ஒரு கூடையில் போட்டுக்கொண்டு, பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். ஒவ்வொரு வீடாக ஏறி அவரவர் பொருளை அவரவர் கையில் கொடுத்தேன். "நான் ஊருக்குப் போகலைங்க. சிங்கப்பூர் போறேன். அங்கதான் என் வீடு. நாளைக்குக் கப்பல்." முதல் வீட்டில் மெதுவாகத்தான் சொன்னேன். தையற்காரர் வீட்டுக்குப் போவதற்குள் குரல் எதிர்வரிசைக்கே கேட்டது.

"ஆம்பளத் துணை இல்லாம எப்படிம்மா?" என்றார் தையற்காரர்.

"அவரு போனதிலிருந்து இப்படித்தாங்க. துறைமுகத்துக் கிராணிங்க பாதிப் பேரு மத்தியானம் நான் சமைக்கிறதத்தான் காசு குடுத்துச் சாப்பிடறாங்க," என்றேன். பார்வதி என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

கடைசியாகக் கனி பாய். தைலப் போத்தலை நீட்டினேன். அவர் வாங்கவில்லை, கொஞ்சம் யோசித்தார். "சிங்கப்பூரா? அங்க என் சின்னத் தங்கச்சி இருக்கு லா. அதுக்கும் முட்டிவலிதான். அதுகிட்ட குடுத்துடுங்க."

நீங்கள் போன பிறகு நான் வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான்.

சாயங்காலம் உங்கள் தம்பி வந்தபோது அதே தட்டில் தெருக்காரர்கள் கொண்டுவந்து கொடுத்த வேறு பொட்டலங்கள் இருந்தன. ஒன்றை எடுத்து விலாசத்தைப் படித்தார். சிங்கப்பூர். இன்னொன்றை எடுத்தார். அதுவும் சிங்கப்பூர். தனம் ஊறுகாய் ஜாடியைக் கொண்டுவந்து அவற்றோடு வைத்தாள். "இது உங்களுக்குத்தான் அக்கா," என்றாள். அவர் கையிலிருந்த பொட்டலத்தைத் திரும்ப அங்கேயே வைத்தார். பிறகு, "காலைல கப்பலுக்குப் போகச் சாம்பான் படகுக்குச் சொல்லி வைக்கவா அண்ணி?" என்று கேட்டார்.

மறுநாள் பெட்டியை அவரேதான் சுமந்து வந்தார். கடலில் நாகப்பட்டினக் கப்பல், சிங்கப்பூர்க் கப்பல் இரண்டுமே நின்றன. "மானா கப்பல்?" என்று எந்தக் கப்பல் என்பதை மலாயில் கேட்டான் சாம்பான்காரன். உங்கள் தம்பி என்னைப் பார்த்தார். அதற்குள் முருகேசு கை நீட்டிவிட்டான். அவனுக்குச் சோறு ஊட்டும்போதெல்லாம் கப்பல் கதைதானே சொன்னீர்கள்? "கறுப்புப் புகைக்குழாய், அதான் சிங்கப்பூர்க் கப்பல். கொடி ஏத்தியாச்சு, இன்னிக்குக் கிளம்புது!"

"பார்வதி, நல்லாப் படிம்மா," என்றார் உங்கள் தம்பி. சாம்பான் நகர்ந்த பிறகும் படகுத்துறையில் நின்றுகொண்டே இருந்தார்.

தைலத்தைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன். "பினாங்குக்கு என்ன வேலையாப் போனீங்க?" என்று கேட்டார் பாயின் தங்கை. "சும்மா பார்க்க," என்றேன். அவரும் நம்பவில்லை.

ஒன்று மட்டும் உறுதியாகச் சொல்கிறேன். பார்வதி தானாகப் போதும் என்று சொல்லும்வரை படிப்பாள். நாம் கேட்காத துறையில் நம் பிள்ளைகளை யாரும் இறக்கிவிட நான் விடமாட்டேன். உங்கள் தம்பியையும் தனத்தையும் சிங்கப்பூர் பார்க்க வரச் சொல்லி எழுதியிருக்கிறேன். திரும்பிப் போகும் சீட்டையும் சேர்த்தே எடுத்துக்கொண்டு வரட்டும். நான் அவர்களை வேறு எங்கும் ஏற்றிவிட மாட்டேன்.

நம் வீட்டில் இருந்தபடியே,
உங்கள் மனைவி
மீனாட்சி