வாடகைத் தாங்கி

செவ்வாய், ஒக்டோபர் 14

வீடு சூடாக்கத் தெருவில் எல்லோரும் சேர்ந்து மலிவாக எடுப்பித்த காஸ் லொறி இன்று காலை வந்தது. நானும் கைகாட்டிச் சாரதியை எங்கள் தோட்டத்துக்குக் கூப்பிட்டேன். அவர் அங்கே நிற்கிற எங்கள் காஸ் தாங்கியில் ஒட்டியிருந்த கொம்பனிப் பெயரைப் பார்த்ததும் குழாயைச் சுருட்டிவிட்டார். இது வாடகைத் தாங்கி, அந்தக் கொம்பனியைத் தவிர வேறு எவரும் நிரப்பக்கூடாதாம். அயலவர்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

பின்னேரம் என் மனுசனிடம், தாங்கியை நாங்களே வாங்குவோம் என்றேன்.

"பரிசோதனை, திருத்தவேலை எல்லாம் எங்கட தலையில விழும். இந்த வயசில உமக்கு ஏனப்பா வில்லங்கம்?"

"பானையை இரவல் தந்தவன், அரிசியும் தன்ர கடையிலதான் வாங்கவேணும் எண்டால் விடுவீங்களோ?"

"தொடங்கீட்டா டீச்சர்," என்று சிரித்தார்.

பரிசோதகரிடம் டெர்மின் எடுத்து நாள் குறிப்பது எனக்குப் பெரிய காரியமில்லை. இவர் சொல்லாமல் விட்டது வேறு. எங்களுக்குப் பிறகு ஆர் பார்ப்பது? டோர்ட்மண்ட் நகரத்தை விட்டு இந்தக் கிராமத்தில் வீடு வாங்கியபோதும் அதே யோசனைதான். அதற்காகக் கூரையை வாடகைக்கு எடுத்தோமா?

நாளைக்குக் கொம்பனிக்குப் போன் எடுத்து, தாங்கியை விற்பார்களா என்று கேட்பேன். இல்லையென்றால் புதிதாக ஒன்று வாங்குவோம்.

சற்றுமுன் இவர் கதவடியில் வந்து நின்றார்.

"சொந்தமெண்டால் அந்தப் பெயரைச் சுரண்டி எடுக்கலாம்தானே?"

"ஓம். வாங்கின பிறகு."

கீழே மேசை லாச்சி இழுக்கிற சத்தம் கேட்கிறது. சுரண்டுகிற தகட்டை இப்போதே தேடுகிறார்.