உடைந்த பூசணி

31 அக்டோபர் 2014, சான்ட்ரிங்ஹாம்

குழந்தைகள் படம்தானே என்று அந்தப் பழைய ஹாலோவீன் கார்ட்டூனை மகள் நிலாவுக்குப் போட்டுக் காட்டியது நான்தான். ஐந்து வயது. பேய்க்கெல்லாம் சிரித்தவள், கண்ணும் வாயும் வெட்டிய பூசணியைப் பார்த்து அலறிவிட்டாள். மூன்று ராத்திரி தூங்கவில்லை. சமாதானப்படுத்தத்தான் சொன்னேன்: "நம்ம ஊர்ல பூசணிய ரோட்டுல போட்டு உடைச்சா கெட்டதெல்லாம் போயிடும்டா."

இன்று சாயங்காலம் ஏழு மணி, இந்த ஊர் வசந்தகாலத்தில் வெயில்கூட இறங்கவில்லை. பக்கத்து வீட்டு வாசற்படியில் ஹாலோவீன் பண்டிகைக்காக வைத்திருந்த பூசணியைத் தள்ளி உடைத்துவிட்டாள். அதைச் செதுக்கிய பையன் விம்மி விம்மி அழுதான். திருஷ்டி கழிப்பதை அவன் அம்மாவிடம் இங்கிலீஷில் எப்படிச் சொல்வது? "ஸாரி, ஸாரி" என்றேன். அவள் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஆபீஸிலிருந்து வந்த என் வீட்டுக்காரர், "அந்தப் படத்த ஏன் போட்ட?" என்கிறார். படத்தைச் சொல்வதா, என் வாயைச் சொல்வதா?

நிலாவைத் திட்டத்தான் கூப்பிட்டேன். "பேட் திங்ஸ் எல்லாம் போயிடுச்சு, அம்மா" என்றாள். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. எனக்குத் திட்ட வரவில்லை.

நாளைக்கு ஒரு பூசணி வாங்கி, அவள் கையாலேயே அந்தப் பையனிடம் கொடுக்கச் சொல்ல வேண்டும். மறுபடி பயந்துவிட்டால்?

மூன்று நாளுக்குப் பிறகு இன்றுதான் தூங்குகிறாள். சுவருக்கு அந்தப் பக்கம் அந்தப் பையன் இன்னும் அழுகிறான்.